ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு: தங்கள் 1902 கடிதத்தில் இல்லாத ஒரு வரி

மதிப்பிற்குரிய ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா அவர்களுக்கு,

வணக்கம். 1902-ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து தங்கள் மகன் தோராப்ஜிக்குத் தாங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றியே இதை எழுதுகிறேன். இன்னும் இடம்கூடக் கண்டறியப்படாத ஓர் எஃகு ஆலையைச் சுற்றி எழப்போகும் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நிழல் தரும் மரங்கள் நட்ட அகலமான தெருக்கள் வேண்டும், அவற்றில் ஒன்றுவிட்டு ஒரு மரம் விரைந்து வளரும் இனமாக இருக்க வேண்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் தாராளமாக இடம் விட வேண்டும், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பூங்காக்களுக்கும் பெரிய பரப்புகளை ஒதுக்க வேண்டும், கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் நிலம் குறித்துவைக்க வேண்டும் என்பவை அக்கடிதத்தின் செய்திகள்.

இவற்றுள் என்னை நிறுத்தியது மரங்களைப் பற்றிய வரிதான். அகலமான தெருக்கள் வேண்டும் என்று எந்தச் செல்வரும் சொல்லிவிடலாம். ஆனால் உறுதியான மரம் நிழல் பரப்ப ஒரு தலைமுறை ஆகும், அதுவரை முதலில் குடியேறியவர்கள் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், ஆகவே இடையிடையே சீக்கிரம் வளரும் மரம் ஒன்று இருக்கட்டும் என்று யோசிப்பதற்கு, அந்தத் தெருவில் நடக்கப்போகும் ஆளை மனத்தில் கண்டிருக்க வேண்டும். அப்போது தங்களுக்கு வயது 63. இரும்புத் தாதுவும் நிலக்கரியும் தண்ணீரும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தைத் தேடும் வேலையே முடிந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமகிசானி மலையில் வளமான தாது இருக்கிறது என்று புவியியலாளர் பிரமதநாத் போஸ் எழுதிய கடிதத்தின் தேதி 1904 பிப்ரவரி 24. மூன்று மாதம் நிறைவதற்குள், மே 19 அன்று, ஜெர்மனியின் பாட் நௌஹைம் ஊரில் தாங்கள் காலமானீர்கள். லண்டன் பணச் சந்தை முதலீடு தரத் தயங்கியபோது, தோராப்ஜியும் உடனிருந்தோரும் இந்தியர்களிடமே பங்கு விற்கத் துணிந்தார்கள். 1907 ஆகஸ்டில், சுதேசி இயக்கத்தின் உணர்வு பரவியிருந்த நேரத்தில், மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 பேர் அந்தப் பங்குகளை வாங்கினார்கள். சுவர்ணரேகா ஆறும் கர்காய் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே, காளிமாட்டி ரயில் நிலையத்திலிருந்து எட்டக்கூடிய தொலைவில் இருந்த சாக்சி கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1912 பிப்ரவரியில் எஃகு வந்தது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு அனுப்பிய தண்டவாளங்களுக்கு நன்றி சொல்லும் முகமாக, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு 1919 ஜனவரியில் சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி நிலையம் டாடாநகர் ஆனது.

தங்கள் கடிதம் வெறும் ஆசையாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் நகரத்து ஜூலியன் கென்னடியின் நிறுவனம் முதல் வரைபடத்தைப் போட்டது. அதன் நேர்கோட்டுத் தெருக்களுக்குள் ஊர் அடங்காமல் பெருகியபோது, 1919 வாக்கில் வந்த நகரத் திட்டமிடுநர் டெம்பிள், நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் மழைநீர் ஓடும் வழிகளையும் பார்த்துத் தெருக்களை அமைத்தார். 1930-களில் ஸ்டோக்ஸ் இன்னொரு திட்டம் தந்தார். 1940-களின் நடுவில், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி மைசூர் அரசில் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பள்ளியும் கடையும் நடந்துபோகும் தொலைவில் உள்ள குடியிருப்பு அலகுகளாக நகரத்தைப் பிரித்து வரைந்தார். பிற்காலத்தில் புவனேஸ்வரத்தைத் திட்டமிட்டவரும் அவரே. 1958-இல் நேரு திறந்துவைத்த ஜூபிலி பூங்காவுக்கு மைசூர் பிருந்தாவனம் முன்மாதிரி. பூங்காவுக்குப் பெரிய பரப்பு ஒதுக்கச் சொன்ன தங்கள் சொல்லுக்கு, அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு நிறுவனம் கட்டுப்பட்டிருந்தது என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் இந்நகரத்தின் பாரம்பரியத்தைச் சொல்லும் பலரும் ஒரு கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். 1912-இல் எட்டு மணி நேர வேலை, 1915-இல் இலவச மருத்துவம், 1920-இல் சம்பளத்துடன் விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும், 1928-இல் மகப்பேறு உதவி என்று நாட்டின் சட்டங்கள் வருவதற்கு முன்பே ஜாம்ஷெட்பூரில் வந்தவற்றை வரிசையாகச் சொல்லி, அத்தனையையும் தங்கள் கொடைமனத்தின் பேரிலேயே எழுதிவிடுகிறார்கள். தங்கள் மனத்தை நான் ஐயுறவில்லை. நாகபுரி எம்ப்ரஸ் ஆலையில் 1886-லேயே ஓய்வூதிய நிதியையும் 1895-இல் விபத்து இழப்பீட்டையும் தொடங்கியவர் தாங்கள். எட்டு மணி நேர வேலை எந்தக் கிளர்ச்சியும் இல்லாமல் வந்தது என்பதும் உண்மை. ஆயினும் 1920 என்ற ஆண்டு அந்தப் பட்டியலில் தற்செயலாக வந்து உட்காரவில்லை. அந்த ஆண்டில்தான் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள், தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1922-இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தது. காந்தியின் நண்பரான சி.எஃப். ஆண்ட்ரூஸ் தொழிலாளர்களுக்காகப் பேசினார்; சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே இணக்கம் காண 1925-இல் காந்தியே அங்கே வந்தார். 1928-இன் நீண்ட போராட்டத்தில் சுபாஷ் சந்திர போஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கேட்டு வாங்கியவர்களின் பெயரையும் சேர்க்காமல், கொடுத்தவரின் பெயரை மட்டும் எழுதிவைக்கும் வரலாறு தங்களுக்கே பெருமை சேர்க்காது.

இன்னொரு தரப்பும் உண்டு. சாக்சியும் பெல்டியும் சுஸ்னிகாரியாவும் காலி நிலமாக இருக்கவில்லை. நகரத்துக்கும் ஆலைக்குமாக முதலில் கையகப்படுத்தப்பட்ட சுமார் 3,500 ஏக்கரில் சந்தால்களும் ஹோக்களும் பூமிஜ்களும் பிறரும் வாழ்ந்த ஊர்களும் வயல்களும் அடங்கின. தங்கள் கடிதத்தில் மூன்று மதத்தாரின் வழிபாட்டிடங்களுக்கு இடம் இருந்தது. அந்த மண்ணிலேயே வழிபாடு செய்துவந்தவர்களின் சால மரத் தோப்பான ஜாஹேருக்கு இடம் இல்லை. தாங்கள் எழுதியபோது அந்த இடம் எதுவென்றே தெரியாது என்பதால் இதைத் தங்கள் குறையாகச் சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகு வரைந்தவர்களின் குறை அது.

இப்போது தலைப்பில் சொன்ன வரிக்கு வருகிறேன். தெரு, மரம், புல்வெளி, விளையாட்டிடம், வழிபாட்டிடம் என்று எல்லாம் இருந்த அக்கடிதத்தில், இவற்றைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்ற ஒன்று மட்டும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிறுவனம் நிரப்பியது. தண்ணீர், சாலை, குப்பை, விளக்கு அனைத்தையும் முதலில் அதன் நகரத் துறையும், இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஜஸ்கோ என்ற பெயரில் தொடங்கிய துணை நிறுவனமும் பார்த்துவருகின்றன. நன்றாகவே பார்க்கின்றன, பக்கத்து ஊர்களின் குழாயையும் சாலையையும் கண்டவர்கள் மாநகராட்சியே வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கட்டாயமாக்கியபோதும், ஆலை நிறுவனமே நகரச் சேவைகளைத் தரும் இடங்களுக்குத் தொழில் நகரியம் என்ற விலக்கை வைத்தது. எனவே ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வாக்களிக்கிறார்கள், ஆனால் தம் தெருவுக்கென்று ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இதன் விலையை எல்லாரும் ஒரே அளவில் தருவதில்லை. நிறுவனக் குடியிருப்பில் இருப்பவருக்கு அது பெரிய இழப்பாகத் தெரியாது. நிறுவனத்தின் குத்தகை நிலத்தில் வேலை தேடி வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வீடு கட்டி வாழும் பஸ்திகளைப் பாருங்கள். உள்ளூர் அரசியலில் 86 பஸ்தி என்றே பேச்சு. ஒவ்வொரு தேர்தலிலும் அங்குள்ளவர்களுக்கு மாலிகானா உரிமை, அதாவது குடியிருக்கும் மனைக்குச் சொந்தக்காரர் ஆகும் உரிமை, வாக்குறுதியாகத் தரப்படுகிறது. குத்தகை அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஆவணம். 2005-இல் அதைப் புதுப்பித்தபோது அம்மக்கள் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. திட்டமிட்ட நகரத்தின் எந்த வரைபடத்திலும் இல்லாத தெருக்களில்தான், அந்த நகரத்தின் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் போகிறவர்களில் பலர் வசிக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத் தங்களிடம் எழுப்புவது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பம்பாய் மாநகராட்சியில் வரி செலுத்துவோருக்கு வாக்குரிமை கேட்டு வாதாடிய பெரோஸ்ஷா மேத்தா தங்கள் நண்பர். அவரோடு சேர்ந்து தாங்கள் பம்பாயில் தொடங்கிய சங்கத்துக்கு ரிப்பன் கிளப் என்று பெயர் வைத்தீர்கள். இந்தியாவில் உள்ளாட்சிக்கு 1882-இல் வழிதிறந்த அந்த ரிப்பன் பிரபுவின் பெயரைத்தான் சென்னையில் எங்கள் மாநகராட்சிக் கட்டடமும் தாங்கி நிற்கிறது. தங்கள் வாழ்நாளில் தங்களுக்கு அந்நியமாக இல்லாத ஒரு கருத்து, தங்கள் பெயரைத் தாங்கிய நகரத்துக்கு மட்டும் நூறாண்டுக்கு மேல் அந்நியமாக இருக்கிறது.

நான் கேட்பது நிறுவனத்தை வெளியேற்றுவதன்று. தண்ணீர் தருவதையும் சாலை போடுவதையும் தெரிந்தவர்களே செய்யட்டும். கட்டணம் எவ்வளவு, குழாய் எந்தப் பஸ்திவரை நீளும், குத்தகை நிலத்தில் எந்தப் பகுதியைக் குடியிருப்போருக்கு விடலாம், எந்தப் பழைய குடியிருப்பை இடிக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்பவற்றை, வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று பொதுவில் விவாதித்து முடிவு செய்யட்டும் என்கிறேன். அப்படி ஒரு மன்றத்தை மறுப்பவர்கள், நிறுவனர் கண்ட கனவைக் கலைக்காதீர்கள் என்று தங்கள் பெயரைச் சொல்லித்தான் மறுப்பார்கள். அதனால்தான் இதை அவர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதினேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்