முந்தி விழுகிற அடி

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி 1 மணி

அன்புள்ள பாபு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்குப் பெண் குழந்தை என்று அம்மா சொன்னாள், சந்தோஷம். பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல்பதிவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது நம்ம ஆர்கெஸ்ட்ராவில் தும்பா டிரம் வாசித்த உன் வலது கையைப் பற்றி.

போன மாதம் ஒரு நடனப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சல்சா பயிற்சிக்கு நான்கு டிராக் வேண்டும், பாட்டு வேண்டாம், தாளமும் பியானோவும் பேஸும் போதும் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் சாம்பா பட்டனை அமுக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் ஒத்துக்கொண்டேன். நம்ம குழுவை நடத்தின அண்ணனுக்கு எல்லாப் பாட்டுக்கும் அந்த ஒரே பட்டன்தானே, அந்த அறந்தாங்கி கச்சேரி உட்பட!

முதல் நாள் ராத்திரி ரொம்ப சுலபமாகத்தான் போனது. கம்ப்யூட்டரில் வேகம் நிமிஷத்துக்கு 95 பீட், ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 16 கட்டம். கிளாவே என்கிற அந்த இரட்டைக் குச்சிச் சத்தத்துக்கு 1, 4, 7, 11, 13 என்று ஐந்து கட்டத்தில் புள்ளி வைத்தால் முடிந்தது. வாயால் சொல்லிப் பார்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு அடி. முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு. சோன் என்கிற கியூபா பாணியின் கிளாவே இது. மூன்றாவது அடியை மட்டும் 7லிருந்து 8க்குத் தள்ளினால் தகிட தகதிமி தகிட தக தகதிமி, அது ரும்பா கிளாவே. ஒரே ஒரு கட்டம்தான் நகர்ந்தது, ஆனால் மொத்தப் பாட்டும் சாய்ந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

நம்ம கீபோர்டில் இருந்ததே ‘ரும்பா’ பட்டன், அதற்கும் கியூபாவின் ரும்பாவுக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிரப் பெரிய சம்பந்தம் கிடையாது, தெரியுமா? அது மேல்நாட்டு நடனக் கூடங்களுக்காகப் பதப்படுத்தியது. உண்மையான ரும்பா ஹவானாவிலும் மட்டான்சாஸிலும் துறைமுகத் தொழிலாளிகள் வாழ்ந்த குடியிருப்புகளில் வளர்ந்தது. வெறும் தோலும் கட்டையும் குரலும்தான். 2016ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்த்துவிட்டார்கள். இத்தனை நாள் நாம் பட்டனைப் பார்த்து ஏமாந்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து தும்பா. நாம் என்னவோ கொச்சையாக அப்படிச் சொல்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கேயே அதுதான் பேர், கீழ்ச்சுருதியில் பேசுகிற பெரிய டிரம்முக்குத் தும்பா என்றுதான் சொல்கிறார்கள். இந்த வகை டிரம்களில் வாசிக்கிற அடிப்படை நடைக்குத் தும்பாவ். எட்டு கட்டம்: உள்ளங்கை, விரல், ஸ்லாப் என்கிற சுள்ளென்ற அறை, விரல், உள்ளங்கை, விரல், கடைசியில் கையை உடனே எடுத்துத் தோலை ஒலிக்கவிடுகிற இரண்டு திறந்த அடி. நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததுதான். நான் அதையும் புள்ளி புள்ளியாக வைத்தேன், எல்லாவற்றுக்கும் அழுத்தம் 100. ஓடவிட்டால் தட்டச்சுப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. உள்ளங்கையையும் விரலையும் 40க்குக் குறைத்தேன், ஸ்லாப்பை 115க்கு ஏற்றினேன். கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனால் ஆள் வரவில்லை.

மென்பொருளில் ‘ஹியூமனைஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் எல்லா அடியையும் கண்டபடி முன்னும் பின்னும் நகர்த்திவிடும். அமுக்கினேன். திருவிழா முடிந்து மூன்றாம் நாள் நம்ம பேஸ் கிடார் மேடை ஏறினாரே, அந்த நிலைமை. ஒரு சுற்றில் ஸ்லாப் முந்துகிறது, அடுத்த சுற்றில் அதே ஸ்லாப் பிந்துகிறது. மனுஷன் அப்படி வாசிக்க மாட்டான், பாபு. மனுஷனுடைய கோணல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம்தான் கோணும்.

அப்புறம் இரண்டு ராத்திரி மட்டான்சாஸ்காரர்கள் வாசிப்பதைப் பாதி வேகத்தில் போட்டுக் கேட்டேன். மூஞெகிதோஸ் என்று ஒரு குழு, 1952ல் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது. அவர்களுடைய கிளாவேயின் மூன்றாவது அடி 7லும் இல்லை, 8லும் இல்லை. பீட்டை மூன்றாகப் பிரிக்கிற திஸ்ர நடைக்கும் நான்காகப் பிரிக்கிற சதுஸ்ர நடைக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. கட்டத்தில் புள்ளி வைக்கிற எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

திரும்பி வந்து, புள்ளிகளைக் கட்டத்திலேயே பிடித்து வைக்கிற பூட்டைக் கழற்றினேன். ஒரு பீட்டை இந்த மென்பொருள் 480 டிக்காகப் பிரிக்கிறது. தும்பாவின் அந்தக் கடைசி இரண்டு திறந்த அடியை மட்டும் பிடித்து 8 டிக் முன்னால் இழுத்தேன். 95 வேகத்தில் அது ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. ஓடவிட்டேன். அறையில் நீ உட்கார்ந்திருந்தாய்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உனக்கு ‘மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்’ என்று பேர் வைத்தது நான்தான். ஒவ்வொரு கச்சேரியிலும் அண்ணன் திரும்பி முறைப்பார், நான் மைக்குக்குப் பின்னால் நின்று ‘ஓடுறான், ஓடுறான்’ என்று சைகை காட்டுவேன். பாட்டு வேகம் ஏறியதே இல்லை, உன்னுடைய அந்த இரண்டு அடி மட்டும்தான் முந்தி விழுந்தது. ஒரு வருஷம் பிறந்த நாளைக்கு உனக்குச் சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வாங்கிக் கொடுத்தேனே. நீ சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாய். இப்போது அதே அடியை மௌஸால் ஒவ்வொன்றாக, ஒரு டிராக்குக்கு நானூறு தடவை இழுத்துக்கொண்டிருக்கிறேன். அனுபவிக்க வேண்டியதுதான்.

இன்னும் முடியவில்லை, மானம் போன கதை ஒன்று பாக்கி இருக்கிறது. டிராக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நடன ஆசிரியை முதலாவதைப் போட்டு எட்டு எண்ணினார், நிறுத்தினார், மறுபடி எண்ணினார். “குச்சி ஒரு பக்கம் போகிறது, பியானோ எதிர்ப்பக்கம் போகிறதே சார்” என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. பேஸ் சமத்தில் விழாததால் குழம்புகிறார் போல என்று ஒரு சமாதானம் சொன்னேன். உண்மையிலேயே அந்த இசையில் எட்டு எட்டுக் கட்டமாக எண்ணினால் பேஸ் 1ல் விழாமல் 4லும் 7லுமாக முன்கூட்டியே வந்து நிற்கும். அவர் பொறுமையாக, “அது எனக்குப் பழக்கம்தான் சார், கிளாவே குறுக்கே கிடக்கிறது” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. தொடக்கம் நீளமாக இருக்கிறதென்று பியானோவின் முன்பகுதியில் அரை பாரைக் கத்தரித்து எறிந்திருக்கிறேன். எட்டுக் கட்டம் போனதும் பியானோ மொத்தமும் முன்னால் நகர்ந்துவிட்டது, கிளாவே இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மூன்றடிப் பக்கத்தில் பியானோ இரண்டடிப் பக்கத்துக்கு உரியதை வாசிக்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடம், தப்பின மாதிரி. கிளாவேயைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. அது கூடாதாம். கிளாவே ஒரு தடவை கிளம்பினால் பாட்டு முடிகிற வரை திரும்பாது, பாட்டுதான் அதற்கு ஏற்ப நீளமோ குட்டையோ ஆக வேண்டும். வெட்டின அரை பாரைத் திரும்ப ஒட்டினேன். ஆசிரியை இந்தத் தடவை எண்ணவே இல்லை, ஆடினார்.

இப்போது இன்னும் ஆறு டிராக் கேட்கிறார்கள். இனிமேல் மௌஸால் இழுக்க என் மணிக்கட்டு ஒத்துக்கொள்ளாது. உன் தும்பா இன்னும் பரணில்தான் இருக்கிறதா? அதன் மேல் அரிசி மூட்டை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், பொய்யாக இருக்கட்டும். தோல் தளர்ந்திருந்தால் வெயிலில் காட்டாதே, நான் ஸ்பேனர் கொண்டு வந்து முறுக்கிக்கொள்கிறேன். அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாள் வா. பணத்தில் பாதி உனக்கு, பஸ் செலவு தனி.

நகத்தை வெட்டிக்கொண்டு வா. மெட்ரோனோமை என் ஹெட்போனில் மட்டும் வைத்துக்கொள்கிறேன், உன் காதுக்கு வராது.

உன்
சேகர்

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லாதே. அவர் இன்னும் நீ ஓடினாய் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்.