1950களின் இல்லத்தரசி: படத்தில் வராத வேலை

ஆசிரியருக்கு,

வணக்கம். 1950களின் அமெரிக்க, பிரிட்டிஷ் இல்லத்தரசிகளைப் போல உடுத்திக்கொண்டு, அந்தக் கால முறையிலேயே வீடு நடத்தும் இன்றைய பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகாகவே இருந்தன. புள்ளி போட்ட கவுன், முத்துமாலை, வெளிர்பச்சை ஃபிரிட்ஜ். ஆனால் படித்துவிட்டு இதில் இறங்க நினைப்பவருக்கு உதவும்படி ஒரு வரிகூட அதில் இல்லை. பழைய தையல் மிஷின்களையும் வீட்டுச் சாதனங்களையும் பழுது பார்ப்பவர்கள், அந்தக் கால உடைகளைத் தைப்பவர்கள் என்ற முறையில் விட்டுப்போனவற்றைச் சொல்கிறோம். அந்தக் காலத்தின் வேலைமுறையை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் மின்வயர், ரசாயனப் புட்டி, ஜாடிப் பதன முறை (உணவை ஜாடியில் அடைத்துக் கெடாமல் வைப்பது), பண ஏற்பாடு ஆகிய நான்கையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். அன்றைய பெண்கள் எல்லோரும் வீட்டோடு இருந்தார்கள் என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. 1950இல் அமெரிக்கப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சம்பள வேலையில் இருந்தார் அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தார். பிரிட்டனில் 1940இல் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது; சர்க்கரைக் கட்டுப்பாடு நீங்கியதே 1953இல். மூன்றடுக்கு கேக்கோடு போஸ் கொடுக்கும் 'பிரிட்டிஷ் 1950' படங்களை அந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

இனி வேலைமுறைக்கு வருவோம். திங்கள் துவையல், செவ்வாய் இஸ்திரி, புதன் கிழிசல் தையல், வெள்ளி வீடு துடைப்பு, சனி ரொட்டி, கேக் சுடுவது என்று வாரத்துக்கு ஒரு வரிசை இருந்தது. இதில் காரணமில்லாதது எதுவும் இல்லை. ஞாயிறு சமைத்த இறைச்சி மீந்திருக்கும். திங்களன்று அதையே குளிரக் குளிரப் பரிமாறிவிட்டால் அடுப்பும் கையும் துவையலுக்குக் கிடைக்கும். காய்ந்த துணியில் நீர் தெளித்துச் சுருட்டி வைத்தால் மறுநாள் இஸ்திரிக்குப் பதமாக இருக்கும். அதனால் துவையலை அடுத்தே இஸ்திரி. இன்று பலர் தடுமாறுவது, தானியங்கி மிஷின் வைத்துக்கொண்டு திங்கள் முழுவதையும் துவையலுக்கே ஒதுக்குவதில். உருளையில் பிழிந்து கொடியில் போட்டவர்களுக்குத்தான் ஒரு நாள் தேவைப்பட்டது. வரிசையை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறைத்துக்கொள்வதே சரி. தினசரி வேலைக்குக் காலையில் ஒரு மணி நேரம், அன்றைய வார வேலைக்கு இன்னொரு மணி நேரம் போதும். இஸ்திரி நாளில் ஜன்னல் துடைக்கக் கிளம்பினால் இரண்டும் கெடும்.

கஞ்சி போடுவதைப் பற்றிக் கட்டுரையில் 'ஸ்பிரே' என்று ஒரு சொல்தான் இருக்கிறது. சட்டைக் காலர், மேசை விரிப்பு, ஏப்ரன் ஆகியவற்றுக்குக் காய்ச்சிய கஞ்சிதான் நிற்கும். லேசான விறைப்புக்கு ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. காலருக்கு இரண்டிலிருந்து மூன்று. மாவை முதலில் அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதி நீர் கொதிக்கும்போது கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் மேல்பரப்பு மட்டும் வெந்து, உள்ளே மாவோடு உருண்டைகள் நின்றுவிடும். அவைதான் இஸ்திரியில் வெள்ளைத் திட்டாக ஒட்டுகின்றன. நான்கைந்து நிமிடத்தில் பால் நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, முழுவதும் காயவிட வேண்டும். பிறகு நீர் தெளித்து, இறுகச் சுருட்டி, துண்டில் பொதிந்து இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் ஈரம் சீராகப் பரவும். அன்றைக்கே இஸ்திரி போட முடியாவிட்டால் சுருளை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் பூஞ்சை கறுப்புப் புள்ளி வைத்துவிடும், அது போகாது. காலரை இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும், முனையில் சுருக்கம் குவியாது. பொடியாக உதிர்ந்தால் கஞ்சி கெட்டி, அல்லது துணி மிகவும் காய்ந்துவிட்டது. பழுப்பேறினால் சூடு அதிகம். பருவம் முடிந்து பெட்டியில் வைக்கும் துணியைக் கஞ்சி போக அலசிய பிறகே மடியுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும்.

நீலம் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தூள் நீலம் கரைவதில்லை, நீரில் மிதந்து நிற்கிறது. தனியே ஒரு குவளையில் கலக்கி, வடிகட்டி, பெரிய வாளி நீரில் ஊற்றி, துணியை விரித்துப் போட்டு அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊறவிட்டால் மடிப்பில் தங்கிக் கோடு விழும். திரவ நீலத்தில் சில வகை பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்மத்தால் ஆனவை. துணியில் சோப்பின் காரம் மிச்சமிருந்தால் அந்த நீலம் சிதைந்து இரும்பு பிரிகிறது, வெள்ளைத் துணியில் துருக்கறை தோன்றுகிறது. மிஷினைத் திட்டுவதற்கு முன் இன்னொரு முறை அலசிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு திரிந்து சாம்பல் படிவு உண்டாக்கும் என்பதால்தான், 1946இல் 'டைட்' போன்ற செயற்கைச் சலவைத்தூள் வந்ததும் அன்றைய இல்லத்தரசிகளே சோப்புச் சீவலைக் கைவிட்டார்கள். அசலாக வாழ்கிறோம் என்று அதற்குத் திரும்புவது அவர்களுக்கே சிரிப்பூட்டும்.

அடுத்தது தையல். அந்தக் காலத்துக் காகிதப் பேட்டர்ன் (துணி வெட்ட உதவும் மாதிரித் தாள்) வாங்குபவர்கள் உறையில் போட்டிருக்கும் சைஸை நம்பக் கூடாது. '14' என்ற எண் 1950களின் முற்பாதியில் 32 அங்குல மார்பளவு, பிற்பாதியில் 34, 1960களின் கடைசியில் 36. மார்பளவைப் பார்த்து மட்டுமே வாங்குங்கள். பல பேட்டர்ன்களில் அச்சுக் கோடே இருக்காது, துளைகள்தான் இருக்கும். எந்தத் துளை டார்ட் (உடம்புக்கேற்பப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), எது நூலோட்டம் (துணியின் நூல் ஓடும் திசை) என்பது குறிப்புத் தாளில் இருக்கும், அது தொலைந்த பேட்டர்ன் புதியவர்களுக்கு உதவாது. மெல்லிய காகிதத்தை அப்படியே வெட்டாமல் வேறு தாளில் படியெடுத்து வெட்ட வேண்டும்.

படங்களில் வரும் அந்தக் குடைப் பாவாடை, நம் தையல்காரர்கள் அம்ப்ரெல்லா கட் என்பார்களே, அதற்கான கணக்கு எளிது. இடுப்பு 28 அங்குலம் என்றால் 6.28ஆல் வகுத்தால் சுமார் நாலரை அங்குல ஆரம். தையலுக்கு அரை அங்குலம் வேண்டும் என்பதால் வெட்டுவது 4 அங்குல ஆரத்தில். நீளம் 28, ஓரத்துக்கு 1 சேர்த்தால் வெளி ஆரம் முப்பத்து மூன்றரை. இரண்டு அரைவட்டங்களாக வெட்டினால் அன்று வழக்கமாக இருந்த 36 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) பக்கத் தையலோடு அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் 67 அங்குல நீளம், ஆக மூன்றே முக்கால் கெஜம். இடுப்புப் பட்டிக்குக் கால் கெஜம் கூடுதலாக வாங்குங்கள். இடுப்பு வளைவு பாதி இடங்களில் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குக் கோணலாக வெட்டப்படுவதால் கையிலெடுத்தாலே நீளும். வெட்டிய உடனே ஓரத்தில் ஒரு காவல் தையல் ஓட்டிவிட வேண்டும். பட்டி வைத்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். கிராஸ் பகுதிகள் தொய்ந்து இறங்கும். அதன் பிறகுதான், உடுத்தி நிற்பவரைச் சுற்றித் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து ஓரத்தைச் சமப்படுத்த வேண்டும். தொங்கவிடாமல் ஓரம் அடித்த பாவாடை முதல் வாரத்திலேயே நான்கு இடத்தில் வால் விடும். ஓரமும் ஒடுக்கமாகவே இருக்கட்டும். வட்டத்தின் வெளி விளிம்பு நீளமானது, இரண்டு அங்குலம் மடித்தால் உள்ளே சுருங்கிக்கொண்டு படியாது.

தையல் மிஷின் வாங்குபவர்களுக்கு சிங்கர் 201, 15-91, கையடக்கமான 221 ஆகிய மூன்றையும் தயங்காமல் சொல்லலாம். சக்கரம் சுற்றாமல் இறுகியிருந்தால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் காரணம். மூட்டுகளில் துளித் துளியாக மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்துக் கையால் அசைக்க வேண்டும், மோட்டாரைப் போட்டு இழுக்கக் கூடாது. இளகியபின் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் விட்டால் சில மாதங்களில் கோந்தாகும். 15-91இலும், 201இன் ஒரு வகையிலும் மோட்டார் தலைக்குள்ளேயே பற்சக்கரத்தோடு இருக்கும். அதன் தாங்கிகளுக்குத் திரி வைத்த தனி கிரீஸ் குழாய்கள் உண்டு. அங்கே எண்ணெய் விட்டால் மோட்டாரின் கம்பிச் சுருளுக்குள் இறங்கும், இன்றைய கெட்டி லித்தியம் கிரீஸ் உருகித் திரி வழியே போகாது. வாஸலைன் பதத்தில் இருக்கும் மிஷின் கிரீஸைத்தான் போட வேண்டும். தையல் விட்டு விட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள். நீண்ட பள்ளம் இருக்கும் பக்கமிருந்து நூல் உள்ளே போக வேண்டும். ஊசியைத் திருப்பிப் போட்டால் எந்த மிஷினும் தைக்காது.

இனி விட்டுவிட வேண்டியவை. அந்தக் கால டோஸ்டர், மிக்சர், இஸ்திரிப்பெட்டி எதையும் வாங்கிய கையோடு பிளக்கில் சொருகாதீர்கள். ரப்பர் உறை போட்ட வயர் வளைத்தால் நொறுங்கும், எர்த் இணைப்பு இருக்காது, ஹீட்டர் பகுதியிலோ வயரின் உறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலோக உடல் கொண்டதற்கு மூன்று கம்பி வயர் மாற்றி, இன்சுலேஷன் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தால் உதறாமல், பிய்க்காமல் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இழுத்துப் பூட்டும் கொண்டி வைத்த ஃபிரிட்ஜ் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான் அமெரிக்கா 1956இல் சட்டம் போட்டு, 1958 அக்டோபர் கடைசியிலிருந்து உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் கதவைக் கட்டாயமாக்கியது. அலங்காரத்துக்கு மட்டும் வைத்தாலும் கொண்டியைக் கழற்றிவிடுங்கள். பழைய கறைநீக்கிப் புட்டி கிடைத்தால் திறக்கவே வேண்டாம். அன்று அதில் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது, கல்லீரலைக் கெடுக்கும். 'ஃபியஸ்டா' என்ற அமெரிக்கப் பீங்கானின் பழைய சிவப்பு நிறத்தில் யுரேனியம் கலந்த பூச்சு உண்டு. அலமாரியில் இருக்கட்டும், புளிப்பான உணவை அதில் பரிமாறக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஜாடிப் பதனம். அந்தக் காலச் சமையல் புத்தகங்களில், கொதிக்கும் காயை ஜாடியில் ஊற்றி மூடினால் போதும் என்ற முறை இருக்கிறது. அதை அப்படியே செய்யாதீர்கள். பொட்டுலிசம் கிருமியின் வித்து கொதிநீருக்குச் சாகாது. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடத்தில், அதாவது அமிலக் குறியீடான பி.எச். 4.6க்கு மேல் இருந்தால், அது முளைத்து நஞ்சு உண்டாக்கும், பல சமயம் வாசனையே மாறாது. பீன்ஸ் போன்றவற்றுக்குச் சுமார் 116 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது அழுத்தத்தில்தான், அதாவது பதனத்துக்கென்றே செய்த பெரிய பிரஷர் பாத்திரத்தில்தான் கிடைக்கும். பச்சை பீன்ஸுக்கு 10 பவுண்டு வெயிட்டில் அரை லிட்டர் அளவு ஜாடிக்கு 20 நிமிடம், ஒரு லிட்டர் அளவுக்கு 25 நிமிடம். ஆயிரம் அடிக்கு மேலான இடங்களில் 15 பவுண்டு. வெயிட் போடுவதற்கு முன் 10 நிமிடம் ஆவியை வெளியேவிட வேண்டும், உள்ளே காற்று மிஞ்சினால் அழுத்தம் சரியாகக் காட்டினாலும் சூடு குறைவாகவே இருக்கும். தக்காளிக்கு ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு. பழத்தைப் பிழிந்தால் புளிப்பு ஒரே அளவில் இருக்காது. நாம் சோறு வைக்கும் குக்கர் இதற்கு ஆகாது. அது சிறியது, சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். இந்த நிமிடக் கணக்குகள் மெதுவாக ஆறும் பெரிய பாத்திரத்தை வைத்துப் போடப்பட்டவை.

கடைசியாகப் பணம். செலவுக்கு உறை உறையாகப் பிரித்து வைக்கும் பழக்கம் நல்லது, தொடரலாம். ஆனால் அன்றைய மனைவிக்கு அமெரிக்காவில் தன் பெயரில் கடன் வாங்குவதே பெரும்பாடு. திருமணத்தைக் காட்டிக் கடன் மறுப்பதைத் தடுத்த சட்டம் 1974இல்தான் வந்தது. அந்தப் பகுதியை யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள், கணவரின் சம்பளத்தைக் கொண்டே மனைவி பெயரில் தனி ஓய்வுக் கணக்கு தொடங்கலாம், கூட்டாக வரிக்கணக்குக் காட்டினால் போதும். சோஷியல் செக்யூரிட்டி என்ற அந்நாட்டு அரசு ஓய்வூதியத் திட்டத்தில் துணைவருக்கான பங்கு விவாகரத்துக்குப் பின்னும் வேண்டுமென்றால் திருமணம் 10 ஆண்டு நீடித்திருக்க வேண்டும். வேலையை விட்டுச் சுமார் ஐந்து ஆண்டு கடந்தால், உடல் முடியாமல் போகும்போது கிடைக்கும் உதவித்தொகைக்கான தகுதி பொதுவாகப் போய்விடும். எனவே தனிக் காப்பீடு தேவை. பிரிட்டனில் முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுத் தேசியக் காப்பீட்டுப் பதிவு வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்க்கும் ஆண்டுகள் அதில் சேரும், ஆனால் குழந்தைப் படிக்கு (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) விண்ணப்பித்திருந்தால்தான். கணவரின் வருமானம் அதிகம் என்று பணம் வேண்டாமென்பவர்களும், பணம் வேண்டாம் என்று அதிலேயே குறித்து, விண்ணப்பத்தைத் தாயின் பெயரில் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பின்தேதியிட்டு மூன்று மாதத்துக்குத்தான் படி கிடைக்கும்.

இப்படிக்கு,
பழைய சாதனங்கள் பழுது பார்க்கும், பழங்கால உடைகள் தைக்கும் வாசகர்கள்