சிவப்பு பக்கை வாங்கியவர்களுக்கு: இலை கொட்டினால் மரத்தைப் பிடுங்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிவப்பு பக்கை (Red Buckeye) என்னும் சின்னப் பூமரத்தை வாங்கியவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "கோடை முடியும் முன்னாடியே இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டதே, பட்டுப்போச்சா?"

பெரும்பாலும் பட்டிருக்காது. வசந்தத்தில் மற்ற மரங்களை முந்தித் துளிர்க்கும் இது, முந்தியே இலையையும் உதிர்க்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பயந்துபோய் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் கெடுதல். இலையில்லாத மரம் அவ்வளவு நீரை உறிஞ்சாது, வேர் அழுகும்.

இலை கருகுவதிலும் இரண்டு விதம் உண்டு. ஓரத்திலிருந்து உள்ளே காய்ந்துகொண்டு வந்தால் அது வெயிலும் வறட்சியும் செய்த வேலை. செம்பழுப்புத் திட்டு, அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு, திட்டுக்குள் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சணம். இது உதிர்ந்த இலைகளிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்த மழையில் புதுத் தளிரில் தொற்றும். அதனால் மருந்தைத் தேடும் முன் விளக்குமாற்றை எடுங்கள். விழுந்த இலையை ஒன்றுவிடாமல் கூட்டி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் விடுங்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கில், ஓடைக்கரைகளில், உயர்ந்த மரங்களின் நிழலில் வளரும் இனம் இது. 3 முதல் 6 மீட்டர் வரை போகும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் உத்தமம். முழு நிழலில் பூ குறையும். குளிர்காலமே இல்லாத ஊருக்கு இது சரிப்படாது.

நடும்போது குழி வேர்மண் கட்டியின் உயரத்துக்கே ஆழமாக இருக்கட்டும். அகலம் மட்டும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தண்டின் அடி மண்ணுக்குள் புதையக் கூடாது. 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரத்துகள் போன்றவை) போடுங்கள், தண்டை ஒட்டி 10 செ.மீ. விட்டுவிட்டு. முதல் இரண்டு கோடைகளில் மழை இல்லாத வாரம் ஒருமுறை 15, 20 லிட்டர் மெதுவாக ஊறும்படி விடுங்கள். கவாத்து அதிகம் தேவைப்படாது. காய்ந்த கிளையை எப்போதும் வெட்டலாம். வடிவத்துக்காக வெட்டுவதென்றால் பூத்து முடிந்த கையோடு. கிளைநுனியில்தான் பூங்கொத்து வரும் என்பதால், குளிர்காலத்தில் நுனியைக் கத்தரித்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு.

விதை போட நினைப்பவர்கள் காயவிடாதீர்கள். இதன் விதை ஈரம் வற்றினால் முளைக்காது. தோடு வெடித்து, பளபளக்கும் பழுப்பு விதை வெளியே தெரிந்த சில நாட்களுக்குள், 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் 3 செ.மீ. கீழே ஊன்றி, வெளியிலேயே வையுங்கள். ஆணிவேர் நேராக இறங்கும். தாழ்ந்த தொட்டியில் சுருண்டுகொள்ளும். அணில் தோண்டாமல் இருக்க மேலே கம்பிவலை. குளிர்காலம் முழுக்க மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது, தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நன்றாக வளர்ந்தால் மூன்றாம் ஆண்டு வாக்கில் பூ பார்க்கலாம்.

கடைசியாக, விதை மட்டுமல்ல, இலையும் தளிரும் நஞ்சு. விதை பார்ப்பதற்கு, வறுத்துத் தின்னும் செஸ்ட்நட் கொட்டை போலவே இருக்கும். ஆனால் இதை வறுத்தும் தின்னக் கூடாது. குழந்தைகளும் நாயும் நடமாடும் இடமென்றால், உதிர்ந்த விதையை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

அன்புடன்,
நாற்றுப்பண்ணையிலிருந்து