தொலைக்காட்சி ஆய்வுத் திட்டம்: உறுப்பினர்களுக்கு

வணக்கம். 1975-இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியபோது இருந்தது ஒரே அலைவரிசை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபின், ரிமோட் யார் கையில் என்பதே வீட்டுக்கு வீடு வழக்காயிற்று. ஆகவே, எந்தச் சேனல் முதலிடம் என்று தேடுவதைவிட (அதற்குத்தான் தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கையை அளவிடும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்தரக் கணக்கு இருக்கிறதே), சேனலை மாற்றுபவர் யார், எப்போது மாற்றுகிறார் என்பதையே நம் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளில் மாலை 7 முதல் 9 மணி வரை உடனிருந்து, விளம்பரம் வந்ததும் பாட்டி அடுப்பைப் பார்க்க எழுந்து போவது, அந்த இடைவெளியில் பேரன் கிரிக்கெட்டுக்குத் தாவுவது போன்றவற்றை நேரத்துடன் குறித்து வரவும். வீட்டாரின் ஒப்புதலின்றி ஒளிப்பதிவு வேண்டாம். கைப்பேசியில் தொடர் பார்ப்போரைச் சேர்ப்பதா என்பதை ஞாயிறு காலை 10 மணிக்கு நூலகத்தில் கூடி முடிவு செய்வோம்.