செயலாளர் ஆண்டறிக்கை: சனிக்கிழமை வண்டிச் சோதனை பற்றிய விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டுக் கூட்டத்துக்குப் பிறகு செயலவை முறையாகக் கூடிவந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை நோக்கி நடந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ்ப்பள்ளியில் துப்புரவுப் பணி நடந்தது. தீபாவளி விருந்தும் நடந்தது. கோல சிலாங்கூர், உலு யாம், பிரேசர் மலை ஆகிய இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் பயணம் போனோம்.

ஆண்டின் பெரிய வேலை சனிக்கிழமைச் சோதனைதான். பயணத்துக்கு முதல் நாள் மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டிகளும் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று செயலவை முடிவெடுத்தது. ஞாயிறு காலை புறப்படும்போதே பார்த்துக்கொள்ளலாமே என்று உறுப்பினர் பலர் குறைப்பட்டார்கள். அதற்கான பதில் இந்த அறிக்கையில் பதிவாக வேண்டும். ஞாயிறு காலை ஆறரைக்கு நம் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் எந்தப் பட்டறை திறந்திருக்கும்? அந்த நேரத்தில் பிரேக் ஷூ (சக்கரத்தை உரசி நிறுத்தும் கட்டை) தேய்ந்திருப்பது தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனம் வராது. மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். சனி மாலையே தெரிந்துவிட்டால் கடை அடைப்பதற்குள் ஷூ, டியூப், பல்பு எதையும் வாங்கி மாற்றிவிடலாம்.

இன்னொரு காரணம் காற்று. நம் தோட்டச் சாலையில் கிடக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள், டியூபில் ஊசிமுனை அளவே ஓட்டை போடும். ஓடும்போது ஒன்றும் தெரியாது, இரவில் இறங்கும். அதனால் சனி மாலை டயரை ஆறவிட்டுக் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் அளந்து எழுதி வைக்கிறோம். ஞாயிறு காலை மறுபடியும் அளக்கிறோம். ஓரிரு பிஎஸ்ஐ குறைவது குளிரால். ஐந்து குறைந்திருந்தால் முள்தான். ஹோண்டாவின் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பொதுவாக முன்னே 29, பின்னே 33 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 41. மற்ற வண்டிகளுக்கு அதனதன் ஒட்டுத்தாளில் உள்ளதே கணக்கு. வால்வு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், காற்றுக் குறைவால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கின்றன என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வின் அடி கிழியும். அதை ஒட்டவும் முடியாது.

செயினைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் வண்டிகளில் அதிகம் கெடுவது அதுதான். செம்மண் தூசி செயின் எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஆட்டம் 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பெட்டியின் பேரிங் அடிவாங்கும். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பலர் விடுவது இதை: செயினை இறுக்கச் பின் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அதன் டிரம் பிரேக்கின் கம்பியும் சேர்ந்து இழுபடும். பிரேக் மிதிகட்டையின் ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டருக்குத் திரும்பும்வரை கம்பியின் நட்டைத் தளர்த்தாவிட்டால், ஷூ உரசிக்கொண்டே போய்ச் சூடேறி, மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. அதற்குப் பிறகு பிரேக் விளக்கின் சுவிட்சையும் பார்க்க வேண்டும். கை பிரேக்குக்கும் கால் பிரேக்குக்கும் தனித்தனியாக விளக்கு எரிய வேண்டும்.

எஞ்சின் எண்ணெயை வண்டியை நடுத்தாங்கியில் நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்கிறோம். ஹோண்டாவில் அளவுக் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகினால் எண்ணெய் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால், கைப்பிடி திரும்பும் தலை பேரிங் குழிவிழுந்துவிட்டது என்று பொருள். கரடுமுரடான சாலை செய்த வேலை. ஒரு வண்டிக்கு இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும்.

பிரேசர் மலைக்குப் போனபோது, சோதனைக்கு வராத வண்டி ஒன்றின் செயின் கோல குபு பாருவைத் தாண்டி ஏற்றத்தில் கழன்று ஸ்போக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) சிக்கியது. ஸ்போக்கெட் பல் கொக்கி போல் வளைந்திருந்தது. சனிக்கிழமை செயின் மூடியைக் கழற்றியிருந்தால் கண்ணாலேயே தெரிந்திருக்கும். அந்தக் குறுகிய வளைவில் மற்ற உறுப்பினர்கள் குடும்பத்தோடு ஓரத்தில் நின்று காத்திருந்தார்கள். வண்டிக்காரரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் சோதனைக்கு வராவிட்டால் வந்தவர்களின் நாளும் கெடுகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பயணத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர்கூடச் சனிக்கிழமை வருவதில்லை. காற்றளவியும் சக்கரத் தூக்கியும் அவர்களுக்காகவும் வாங்கியவைதான்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டியிருக்கின்றன. கருவிகள் வாங்கியதில் கையிருப்பு சற்று இறங்கியுள்ளது. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் இறங்கியிருக்காது. உறுப்பினர் பலர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். விருந்துக்கு வரும்போதாவது கொடுப்பார்கள் என்று பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். தலைவருக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சனிக்கிழமைதோறும் கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற இளைஞர்களுக்கும், அன்று மாலை கடையைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்துவைத்த பட்டறைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சோதனைச் சீட்டு இல்லாத வண்டியைப் பயண வரிசையில் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்தைச் செயலவை கூட்டத்தின் முன் வைக்கிறது. சிறிய காற்றழுத்த இயந்திரம் ஒன்றும், வண்டி பார்க்கத் தெரிந்த இன்னும் இருவரும் தேவை. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சனிக்கிழமைச் சோதனையை நிறுத்தமாட்டேன் என்று அவர் இந்தச் சபையில் சொன்னால் போதும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும். பாக்கி உள்ளவர்கள் தேநீர் இடைவேளையிலேயே பொருளாளரைப் பார்த்துவிட்டால் கணக்கை முழுதாக முடித்து அனுப்பலாம்.

செயலாளர்