பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், 'அரசு சேவைகளில் மக்கள் திருப்தி: கருத்துக்கணிப்பில் தகவல்' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த ஊர்களில் கேட்டார்கள், யார் செலவில் கேட்டார்கள், ஒரு விவரமும் இல்லை. தேர்தல் கருத்துக்கணிப்பை வெளியிடும் பத்திரிகைகள், நடத்தியது யார், நடத்தச் சொன்னது யார், எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதை முகப்பிலேயே சொல்ல வேண்டும் என்று 1996-லேயே பிரஸ் கவுன்சில் நெறிமுறை வகுத்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? தேர்தலுக்கு ஒரு நியாயம், ஆட்சி எப்படி நடக்கிறது என்று கேட்பதற்கு வேறு நியாயமா?

எங்கள் தெருவுக்கும் இப்படிக் கணக்கெடுக்க வந்தார்கள். டேப்லெட்டோடு ஒரு பெண், கூடவே ஊராட்சி அலுவலக ஆள். பக்கத்து வீட்டு அம்மா விதவை உதவித்தொகை 1,200 ரூபாயை நம்பி இருப்பவர். "குடிதண்ணிக் குழாய் இருக்கா பாட்டி?" என்றார் அந்தப் பெண். "இருக்கும்மா." குழாய் வாசலில் நிற்பது உண்மைதான். அதில் தண்ணீர் வருகிறதா என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "அரசாங்கத்து மேல நம்பிக்கை இருக்கா?" என்றதும் அந்த அம்மா அலுவலக ஆளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பணத்த நிறுத்திர மாட்டாங்களே?"

பயந்து சொன்ன பதிலையும் மனதாரச் சொன்ன பதிலையும் ஒன்றாகக் கூட்டி, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தால் எப்படி ஐயா? அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்கள், அரசாங்கத்தின் ஆள் எதிரிலேயே குறை சொல்வார்களா?

போனில் கேட்பதும் இதே லட்சணம்தான். எங்கள் பட்டா மாறுதல் மனு 'முடித்து வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. பட்டா இன்னும் காலமான என் தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. அப்புறம் ஒரு பதிவுக்குரல், திருப்தி என்றால் ஒன்றை அழுத்து, இல்லை என்றால் இரண்டை அழுத்து என்றது. இரண்டை அழுத்தினேன். நன்றி சொல்லித் துண்டித்துவிட்டது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று ஜூன் 1 அன்று மாலை பல கணிப்பு நிறுவனங்கள் சொன்னதையும் இதே முதல் பக்கத்தில்தான் போட்டீர்கள். ஜூன் 4-ல் வந்தது 293. கணிப்பு எங்கே தவறியது என்று ஒரு வரி விளக்கம் உண்டா? அப்போது நான் எழுதிய கடிதத்தையும் வெட்டிச் சுருக்கித்தான் வெளியிட்டீர்கள். சரி, அது போகட்டும்.

ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். பெங்களூரில் சாமுவேல் பால் என்ற அறிஞரின் குழுவினர் 1994-ல் குடிமக்கள் மதிப்பெண் அட்டை வெளியிட்டார்கள். தண்ணீர், மின்சாரம், மாநகராட்சி என்று அந்தந்த அலுவலகத்தோடு நேரில் மல்லுக்கட்டியவர்களிடமே கேட்டார்கள். வேலை முடிந்ததா, எத்தனை முறை அலைந்தீர்கள், லஞ்சம் கேட்டார்களா? பதில்களை அலுவலகத்தின் பெயரோடு வெளியிட்டார்கள். 1999-லும் 2003-லும் மறுபடி எடுத்ததால், எந்த அலுவலகம் தேறியது, எது தேறவில்லை என்று ஊருக்கே தெரிந்தது. அப்படி ஒன்றை நம் மாவட்டத்தில் உங்கள் பத்திரிகை முன்னின்று நடத்தக் கூடாதா என்று பல வருடமாக ஆசைப்படுகிறேன்.

அது முடியாவிட்டால் இதையாவது செய்யுங்கள். இனி இப்படிச் செய்தி போடும்போது, யார் பணம், எத்தனை பேர், எந்தத் தேதிகள், கேட்ட கேள்வியின் முழு வாசகம், பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர், கேட்கும்போது அரசு ஆள் கூட இருந்தாரா என்ற விவரங்களை ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். சென்ற ஞாயிறு செய்திக்கு இந்த விவரங்கள் இருந்தால் வரும் இதழிலேயே போடலாம். இல்லை என்றால், இல்லை என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
மன்னார்குடி வட்டம்