மலருக்கு, வாத்தியச் சண்டை விஷயமாக

அன்புள்ள மலர்,

ரிகர்சல் இடைவேளையில் நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையைப் படித்தேன். எல்லோரும் உன் ஓபோவை, நம் நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதுகிற அந்தக் குழலை, வைத்துத்தான் ஸ்ருதி சேர்க்கிறார்கள், அதனால் ஓபோதான் உசத்தி என்கிறாய் நீ. தன் பித்தளை ஹார்ன்தான் இருப்பதிலேயே கஷ்டம் என்கிறான் அந்தப் பையன். உன் அறைத்தோழியோ தன் கனத்த குரல் ஊதுகுழலான பசூனுக்கு ஈடே கிடையாது என்கிறாள். வயலினுக்கு அண்ணனான வயோலாவை வாசிக்கிற என்னிடம் தீர்ப்புக் கேட்டால் என்ன வரும் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய். இருந்தாலும் ஒவ்வொருவர் வாதத்தையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டே என் பக்கம் வருகிறேன்.

முதலில் உன் கட்சி. ஸ்ருதி சேர்க்க ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோ 'ஏ' என்ற ஸ்வரத்தை ஊதிக் கொடுப்பதை நீ பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது மரியாதை இல்லை கண்ணு, வேறு வழியில்லாமல் செய்கிற ஏற்பாடு. கிளாரினெட்காரர் மேல் இணைப்பைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஸ்ருதி இறங்கும். புல்லாங்குழல்காரர் தலைப்பகுதியை இழுப்பார், டிராம்போனுக்கு ஸ்லைடே இருக்கிறது. நீ மட்டும் சீவாளியை வெளியே இழுத்தால் குழிக்குள் ஓர் இடைவெளி விழுந்து, சில ஸ்வரங்கள் ஒரு பக்கமும் மற்றவை இன்னொரு பக்கமும் போகும். வளைய முடியாதவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் வளைந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். மேடைக்கு ஒரு பியானோ வந்துவிட்டால் உன் 'ஏ' செல்லாக்காசு. அதன் ஸ்ருதிக்குத்தான் நீயும் வரவேண்டும்.

அந்த ஒற்றை ஸ்வரத்தையாவது சரியாகக் கொடு. நீ இருக்கிற ஜெர்மனியில் அந்த 'ஏ'-வை பெரும்பாலும் வினாடிக்கு 442 அல்லது 443 அதிர்வு என்று வைக்கிறார்கள். இங்கே நீ பழகிய 440 பழக்கத்தோடு போய் நிற்காதே. அரங்கத்துக்குக் குறைந்தது 15 நிமிடம் முன்னதாகப் போய் வாத்தியத்தைச் சூடேற்று. காற்றின் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் அதில் ஒலி ஓடும் வேகமும் குறைகிறது. கணக்குப்படி 440 என்பது 433 பக்கம் வந்துவிட வேண்டும். உன் மூச்சின் சூடு குழாய்க்குள் இருப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனால் இறங்குவது நிச்சயம். 'ஏ' கொடுக்கும்போது நடுக்கம் வேண்டாம். நடுத்தர சத்தத்தில் நேராகப் பிடி. மர ஊதுகருவிகளுக்கு ஒருமுறை, பித்தளைக்கு ஒருமுறை, தந்திகளுக்கு ஒருமுறை எனத் தனித்தனியாகக் கொடு. எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்கவிட்டால் யாருக்கும் எதுவும் காதில் விழாது.

குளிர்காலம் வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்ததும் குளிர்ந்த ஓபோவை ஊதாதே. உள்ளே சூடான ஈரக்காற்று, வெளியே சில்லென்ற கருமரம் என்று இருந்தால் மேல்பாகம் நீளவாக்கில் விரிசல் விடும். பெரும்பாலும் மேலே உள்ள டிரில் துளைகளின் (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி வாசிக்க உதவும் சின்னத் துளைகள்) பக்கத்தில்தான் தொடங்கும். மேல்பாகத்தைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பிறகு பூட்டு.

சீவாளி இரண்டு நாளில் செத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். ஊறவைக்கிற நேரத்தைக் குறை. சின்னக் குப்பி வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். அரைமணி நேரம் ஊறினால் நாணல் உப்பி வாய் அகலமாகத் திறந்துகொள்ளும். நீ உதட்டால் நசுக்கி நசுக்கி வாசிப்பாய், ஸ்ருதி மேலே ஏறும், உதடும் போகும். வாசித்து முடித்ததும் அடிப்பக்கமிருந்து ஊதி நீரை வெளியேற்றிவிட்டு, காற்றுப் புகுகிற பெட்டியில் வை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூன்று நான்கு சீவாளிகளை மாற்றி மாற்றி வாசி. நீயே கட்டுவதானால் ஸ்டேபிள் (நாணலைக் கட்டுகிற உலோகக் குழாய்) 47 மில்லிமீட்டர், கட்டும்போது மொத்த நீளம் 72. நூல் ஸ்டேபிளின் மேல்விளிம்பைத் தாண்டி ஒரு சுற்று ஏறினாலும் நாணலின் அதிர்வு மூச்சுமுட்டும், ஒரு சுற்றுக் குறைந்தாலோ பக்கவாட்டில் காற்று ஒழுகும். முதல் நாளே நுனியை முழுக்கச் சீவிவிடாதே. நாணல் நனைந்து காய்ந்து அடங்கச் சில நாள் ஆகும். இன்று சரியாக இருப்பது நாளை மெலிந்துவிடும். நம் ஊர் நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்திலேயே மாற்றுச் சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, நீயும் பெட்டியில் ஒரே ஒரு நல்ல சீவாளியோடு கச்சேரிக்குப் போகாதே.

மூச்சு விஷயத்தில் உனக்குத் தனிச் சிக்கல். மற்றவர்களுக்குக் காற்றுப் பற்றாது, உனக்கோ மிஞ்சும். அந்தச் சின்ன வாய் வழியே கொஞ்சம்தான் போகும், மீதி நெஞ்சில் கெட்டுப்போய் நிற்கும். நீண்ட பகுதி வந்தால் முதலில் வெளியே விடு, பிறகு உள்ளே இழு. இரண்டுக்கும் இடத்தைத் தாளில் பென்சிலால் தனித்தனியே குறித்துக்கொள்.

ஹார்ன் பையன் சொல்வது பொய்யில்லை. எஃப் ஹார்னின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 3.7 மீட்டர். அவ்வளவு நீளக் குழாயில் அவன் வாசிப்பதோ மேல் ஸ்தாயியில். அங்கே ஒரே விரலமைப்பில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது இயற்கை ஸ்வரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். உதடு இம்மி பிசகினால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிடும். அதனால்தான் இரட்டை ஹார்னில் கட்டைவிரல் வால்வை அமுக்கி 2.7 மீட்டர் நீளமுள்ள பி-ஃபிளாட் பக்கத்துக்குத் தாவுகிறார்கள். குழாய் குறுகினால் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி கூடும், பிழைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு மணிபோல விரிந்த வாய் பின்பக்கம் பார்ப்பதால் ஒலி சுவரில் பட்டுத்தான் கூட்டத்துக்கு வரும். மற்றவர்களோடு சேர்ந்து கேட்கவேண்டுமானால் அவன் ஒரு மயிரிழை முன்னால் தொடங்கவேண்டும். 'குளக்' என்று சத்தம் வந்தால் திறமைக் குறைவு என்று கேலி செய்யாதே, குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. சுழற்றிச் சுழற்றிக் கொட்டச் சொல். ஆனால் கஷ்டம் என்பது ஒரு தகுதியா? கயிற்றின்மேல் நடப்பதும்தான் கஷ்டம்.

பசூன் பெண்ணின் கட்சியில் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. இரண்டரை மீட்டர் குழாயை மடித்து வைத்து, இடது கட்டைவிரல் ஒன்றுக்கே எட்டு ஒன்பது சாவிகளைக் கொடுத்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்? நடு ஏ, பி-ஃபிளாட், பி, சி ஆகியவை தொடக்கத்தில் உடைந்தால் அந்த விரலால் மேல் சாவியைச் சட்டென்று தட்டிவிடவேண்டும், தட்டாவிட்டால் கீழ் ஸ்தாயி எட்டிப் பார்க்கும். தட்டியும் உடைந்தால், வளைகுழாயிலுள்ள ஊசித்துளையில் எச்சில் உறைந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யச் சொல். 1913-இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி தன் பாலே நடன இசையைப் பசூனின் உச்சியில் தனியாகத் தொடங்கிவைத்தார் என்பது அவளுடைய பெரிய ஆயுதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, விட்டுவிடுகிறேன்.

அம்மாவின் ஓட்டு ஹார்ப்புக்காம். 47 தந்தி, 7 பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. பார்க்க அழகுதான். ஆனால் எல்லோரும் வருவதற்கு முன்னால் வந்து ஸ்ருதி சேர்க்கத் தொடங்கவேண்டும், விளக்குகளின் சூட்டில் அது பாதியிலேயே இறங்கியும்விடும்.

இப்போது நீங்கள் பழகுகிற துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனிக்கு வா. 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலுக்கு வேலை இரண்டாம் பகுதியில் மட்டும்தான், அதுவும் சில ஸ்வரங்கள். கைத்தாளத்துக்கு (சிம்பல்) நான்காம் பகுதியில் ஒரே ஒரு தட்டு, அதுவும் ஓங்கி அல்ல. வாத்தியங்களை உழைப்பின் அளவை வைத்து மதிப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு பேருக்கும் சம்பளமே கொடுக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டு இடம் மாறினால் அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அடிப்பவர் அதுவரை தாள அளவுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

இதை எழுதியவர் யார் என்று உன் நண்பர்களிடம் கேள். துவோர்ஷாக் 1860-களில் பிராக்கில் ஒரு நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தவர். நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் இரண்டு பக்கமும் காது கேட்கும். 1784-இல் வியன்னாவில் ஹைடனும் மோசார்ட்டும் ஒரே நால்வர் குழுவில் உட்கார்ந்து வாசித்தபோது, ஹைடன் முதல் வயலினை எடுத்துக்கொண்டார். மோசார்ட் எதை எடுத்தார்? வயோலா. இங்கே சென்னையில் பாலமுரளி கிருஷ்ணாவும் வயோலா வாசித்தவர்தான். வெங்காயத்தை நறுக்கினால் அழுகை வரும், வயோலாவை நறுக்கினால் யாரும் அழமாட்டார்கள் என்ற பழைய ஜோக்கை இனிமேல் என்னிடம் அனுப்பாதே.

குறையை நானே சொல்லிவிடுகிறேன், நீ கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன். வயோலா அளவில் தவறான வாத்தியம். வயலினைவிட ஐந்து ஸ்வரம் கீழே இறங்குகிறது, அப்படியானால் பெட்டியும் ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். வயலின் பெட்டி 35.5 சென்டிமீட்டர், வயோலா 53 இருக்கவேண்டும். அதைத் தாடைக்கடியில் வைத்தால் எந்த மனிதனின் இடது கையும் எட்டாது. எனவே 40, 42 என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். விளைவு: சி தந்தி ஒலிக்கும்போது பெட்டிக்குள் உள்ள காற்று போதிய துணைக்கு வருவதில்லை. குரல் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, கொஞ்சம் கரகரப்பாக வரும். வயலின்காரர்கள் வயோலாவை வாங்கி வாசித்துப் பார்த்து 'சத்தமே வரவில்லை' என்பார்களே, காரணம் இதுதான்: வில்லை லேசாக, வேகமாக ஓட்டுகிறார்கள். வயோலா வில் ஏறக்குறைய 70 கிராம், வயலின் வில்லைவிட 10 கிராம் கூடுதல். கையின் எடையை இறக்கி, மெதுவாக இழுத்து, தொடக்கத்தில் தந்தியைக் கடிக்கவேண்டும். தந்தி பேசவும் சற்றுத் தாமதமாகும், ஆகவே முன்கூட்டியே தொடங்கவேண்டும். ஹார்ன் பையன் இதைப் படித்தால் எங்கள் கட்சிக்கு வந்துவிடுவான்.

அந்தக் கரகரப்புதான் எனக்கு வேண்டியது. பிராம்ஸ் தன் இரண்டாவது செரினேட் என்ற ஆர்கெஸ்ட்ரா இசையில் வயலின்களையே எடுத்துவிட்டார். தந்திகளில் மேல்குரல் வயோலாதான். பளபளப்பு போய் ஒலி முழுக்க மாலை நிறத்துக்கு வந்துவிடுகிறது. கேட்டுப் பார்.

இனி உன்னை மடக்குகிற இடம். உங்கள் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், உலகமே முணுமுணுக்கிற அந்த மெட்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது? ஓபோவுக்கா? ஓபோவின் பெரிய வடிவமான இங்கிலீஷ் ஹார்னுக்கு. அது ஓபோவைவிட எத்தனை ஸ்வரம் கீழே? ஐந்து. வயலினுக்கு வயோலா எப்படியோ, ஓபோவுக்கு அது அப்படி. ஆக வயோலாக்காரர் ஒருவர் தன் மிக அழகான மெட்டை உங்கள் குடும்பத்து வயோலாவிடம் கொடுத்திருக்கிறார். நீ முதல் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருப்பாய்.

சந்தேகம் இருந்தால் அடுத்த ரிகர்சலில் கண்டக்டரிடம் சொல்லி, அந்த மெட்டின் அடியில் ஓடும் தந்திகளில் வயோலாவை மட்டும் நிறுத்தச் சொல். எட்டு தாள அளவு போதும். மெட்டு அப்படியே இருக்கும், ஆனால் கீழே எதுவோ காலி என்று ஆளாளுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். நீ தனியாக ஊதி நிறுத்தும் இடங்களிலும் அதே சோதனையைச் செய்துபார், அப்போது யார் திரும்புகிறார்கள் என்று எழுது.

ஹார்ன் பையனிடம் இந்தத் தீர்ப்பைக் கச்சேரி முடிகிறவரை காட்டாதே. முதல் பகுதியின் முக்கிய மெட்டு அவர்கள் கையில்தான் இருக்கிறது, மனம் கலங்கினால் எல்லோருக்கும் ஆபத்து.

ஓபோவின் உட்பக்கத்தைத் துடைக்கிற பட்டுத்துணி ஸ்வாப் ஒன்று பார்சலில் வருகிறது. இழுப்பதற்கு முன் முடிச்சு இருக்கிறதா பார். மேல்பாகத்தில் சிக்கிக்கொண்டால் நீயே இழுத்துப் பறிக்காதே, வாத்தியம் சரிசெய்கிறவரிடம் கொண்டு போ.

அன்புடன்,
அப்பா